சூன் என்றால் எப்போது?

இன்டர்வியூ முடிந்து 41 நாள் ஆகிறது. கடைசியாக வந்த மெயிலில் ஒரே வரிதான்: 'யூ வில் ஹியர் ஃப்ரம் அஸ் சூன்.' அந்த ஒரு சூனை நம்பித்தான் கண் விழித்ததும் மெயிலைத் திறக்கிறேன். ஸ்பேம் ஃபோல்டரையும் விடாமல் கிளறுகிறேன். குளித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் ஈரக் கையோடு ஓடி வருகிறேன்.

எந்த சூன் ஐயா அது? இன்று சாயங்காலமா, அடுத்த வாரமா, ஆறு மாதம் கழித்தா? அகராதியில் பார்த்தால் 'விரைவில், சீக்கிரம்' என்று இருக்கிறது. விரைவில் என்ற சொல்லுக்குள்ளேயே விரைவு இருக்கிறது. இவர்கள் அனுப்பிய சூனுக்குள் என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் இந்தச் சொல் பிறக்கும்போது இப்படி இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது 'சோனா'. பொருள், உடனே. சொல்லிவிட்டு இழுத்தடித்தே ஜனங்கள் அதைத் தேய்த்துவிட்டார்கள். இது ஒன்றுதான் என்றாலும் பரவாயில்லை. 'அனான்', 'ப்ரெசன்ட்லி' இரண்டுக்கும் ஒரு காலத்தில் உடனே என்றுதான் பொருள். 1611-ல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், ஏரோதியாளின் மகள் யோவான் ஸ்நானகனின் தலையைக் கேட்கிற இடத்தில் 'பை அண்ட் பை' என்று வருகிறது. அவள் கேட்டது இப்போதே, அந்த விருந்து நடக்கும்போதே. இன்று அதே தொடருக்குக் கொஞ்ச காலம் போகட்டும் என்று அர்த்தம்! உடனே என்று ஒரு சொல் இருந்தால் போதும், சாக்குச் சொல்கிறவர்கள் கையில் சிக்கி அது சீரழிந்துவிடுகிறது.

என் வயிற்றெரிச்சல் இதுதான்: அதே சூனுக்கு முன்னும் பின்னும் ஒரு 'ஆஸ்' போட்டுப் பாருங்கள், இன்றைக்கும் நேர்மையாகத்தான் நிற்கிறது. 'ஆஸ் சூன் ஆஸ்' என்றால் வந்தவுடன், முடிந்தவுடன். ஒரு காரியத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டதால் நழுவ முடியாது. 'நோ சூனர்' என்று ஆரம்பிக்கிற வாக்கியம் இன்னும் கறார், ஒன்று நடந்த கையோடு அடுத்தது நடந்தாக வேண்டும். (ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள் மட்டும் இந்தக் கணக்கில் வராது. எப்போது முடியும் என்பதை அவர்களே அல்லவா முடிவு செய்கிறார்கள்!) 'மேனேஜர் கையெழுத்துப் போட்டவுடன் சொல்கிறோம்' என்று எழுதியிருந்தால், எதற்காகக் காத்திருக்கிறேன் என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும். அப்படி எழுத அவர்களுக்கு மனமில்லை. எழுதினால் அப்புறம் யாராவது கேள்வி கேட்பார்களே.

12-ஆவது நாள் இன்னொரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு. மூன்று நாளில் பதில் வேண்டும், இந்தத் தேதியில் சேர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்தேன். அந்த மெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்து படித்தேன். எழுத்திலேயே சூன் என்று போட்டிருக்கிறார்களே என்று நம்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

'இன்னும் முடிவாகவில்லை, எப்போது ஆகும் என்றும் தெரியாது' என்று எழுதியிருந்தால், அந்த வேலைக்குச் சரி என்று சொல்லியிருப்பேன்.