மணி அடித்தால் எழுந்து ஓடுகிறவர்களுக்கு டென்ஷன் இல்லையாம்

இதய நோய் பற்றி ஒரு டாக்டர் அரங்கத்தில் பேசிய அந்த வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். டாக்டர் பெயர் எதற்கு? அவர் பேசியதுதான் விஷயம். "டென்ஷன் எல்லாம் மேலே உட்கார்ந்து முடிவெடுக்கிறவங்களுக்கு. உங்களுக்கென்ன, சொன்னதைச் செஞ்சுட்டு வீட்டுக்குப் போறீங்க. சாப்பாட்டுல வாயைக் கட்டினா போதும்" என்று ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களைப் பார்த்துச் சொல்கிறார். அரங்கமே சிரிக்கிறது. மூன்று நாளாக அந்தச் சிரிப்புதான் என் காதில்.

சொன்னதை மட்டும் செய்கிற வேலைதான் ஐயா நெஞ்சை அடைக்கிறது. இது என் கோபம் மட்டும் இல்லை, ஐம்பது வருடத்துக்கு மேலான ஆராய்ச்சி. லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கிற தெரு வைட்ஹால். அந்தப் பெயரில் 1967இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அதிகாரிகளுக்குத்தான் ஹார்ட் அட்டாக் அதிகம் வரும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. வந்த முடிவு நேர் எதிர். வாசலில் நிற்பவர், தபால் கொண்டுபோய்க் கொடுப்பவர் போன்ற கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு. அதுவும் படிப்படியாக. மேலிருந்து இரண்டாம் படியில் இருப்பவர்கூட முதல் படிக்காரரைவிட மோசம். யாரும் பட்டினி கிடக்கவில்லை, எல்லாருக்கும் இலவச மருத்துவம் இருந்தது, என்றாலும் இப்படி.

சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. பிறகு 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரோடு இரண்டாவது ஆய்வு. மைக்கேல் மார்மட் தலைமை. தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் சொல் உரிமை இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று 1997இல் வெளியிட்டார்கள். வேலைப் பளு மட்டும் இல்லை, வேலை தன் கையில் இல்லாததும் கொல்லும்.

"2010இல் அதே ஆய்வில், சிகரெட், குடி, சாப்பாடு போன்ற பழக்கவழக்கம்தான் இடைவெளிக்குப் பெரிய காரணம் என்று வந்ததே?" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பழக்கங்களைப் பல வருடம் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தபோது அப்படி வந்தது. சரி, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

என் அப்பா ஓர் அலுவலகத்தில் பியூன். அதிகாரி மணியை ஒரு தடவை அடித்தால் தண்ணீர், இரண்டு தடவை அடித்தால் ஃபைல். டிபன் பாக்ஸைத் திறந்து கை வைத்த நேரத்தில் மணி அடிக்கும். கையைக் கழுவிவிட்டு ஓடுவார். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி மணி. பாதிச் சோறு வீட்டுக்கே திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் குல்ஃபி வண்டிக்காரர் மணி அடித்தால், சாய்ந்திருந்த அப்பா சட்டென்று எழுந்து நிற்பார். நாங்கள் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்போம். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

52 வயதில் போய்விட்டார். சாவு வீட்டில் எல்லாரும் பீடியைத்தான் சொன்னார்கள். பீடி பிடித்தார், உண்மைதான். மாடிப்படிக்குக் கீழே மணி கேட்காத இடம் ஒன்று இருந்தது. அங்கே நின்று பிடிக்கிற ஐந்து நிமிடம்தான் அந்த நாளில் அவருடையது. அதையும் அவர் குற்றமாகவே எழுதிக்கொள்வீர்களா?

"அதிகாரிகளுக்கு மட்டும் டென்ஷன் இல்லையா" என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் முடியவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், கூட்டத்தை நாளைக்குத் தள்ளி வைக்கலாம். மணி அடிப்பவருக்கும் மணி கேட்டு ஓடுபவருக்கும் ஒரே நெஞ்சுவலி என்று என்னிடம் சொல்லாதீர்கள். "உழைத்து மேலே வந்திருக்கலாமே" என்று எழுதிய தம்பிக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை.

இதையெல்லாம் அந்த வீடியோவின் கீழேயே மரியாதையாக எழுதினேன், டாக்டரை ஒரு வார்த்தை தவறாகச் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். டாக்டர் விரல் நீட்டிப் பேசுகிறாரே, அந்த ஊழியர்கள் சுவர் ஓரமாக நிற்கிறார்கள். முன்னால் இரண்டு வரிசை நாற்காலி காலி. அவர்களை உட்காரச் சொல்ல அங்கே ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.