ஒரே ஆணியில் நான்கு நாட்காட்டிகள்

என் மகன் தொடக்கநிலை 3 (மூன்றாம் வகுப்பு) படித்த ஆண்டு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டுகளைவிட வினாத்தாள்களே அதிகம் கிடந்தன. சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் முக்கோணம், அடுத்து வரவேண்டிய படம் எது? சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே, "மூன்றாவது படம்தான் அம்மா, உள்ளே இருப்பது வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகிறது" என்பான். நான் பூரித்துப்போவேன். அவன் யோசித்துச் சொல்லவில்லை, இந்த மாதிரிக் கேள்வி வந்தால் முதலில் எதைப் பார்க்கவேண்டும் என்று துணைப்பாட (டியூஷன்) வகுப்பில் மனப்பாடம் செய்ததைச் சொல்கிறான் என்பது எனக்கு உறைக்க ஆறு மாதம் பிடித்தது. அந்த ஆறு மாதத்துக்கு எவ்வளவு கட்டினோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என் மாமியாரும் முகநூலில் இருக்கிறார்.

எல்லாம் ஜிஇபிக்காக. வெளியூர் நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜிஇபி என்பது சிங்கப்பூரின் மீத்திறன் கல்வித் திட்டம். 1984இல் தொடங்கியது. 2025 வரை, தொடக்கநிலை 3 படிக்கும் பிள்ளைகள் அனைவரும் ஆகஸ்டில் ஆங்கிலமும் கணிதமும் எழுதலாம் என்று இருந்தது. அதில் தேறியவர்கள் அக்டோபரில் மறுபடியும் ஆங்கிலம், கணிதம், கூடவே பொதுத்திறன் தாள் ஒன்று எழுதவேண்டியிருந்தது. முடிவில் ஏறத்தாழ 500 பேர், அதாவது அந்த வயதுப் பிள்ளைகளில் ஒரு விழுக்காட்டினர், நாட்டின் ஒன்பது தொடக்கப்பள்ளிகளில் தனி வகுப்புகளில் சேர்ந்தார்கள். தேர்வுக்கென்று பாடத்திட்டம் கிடையாது. பிள்ளைகளைத் தயார்ப்படுத்தாதீர்கள், பயிற்சியால் உள்ளே வரும் பிள்ளை பிறகு திணறும் என்று கல்வி அமைச்சு சொல்லிக்கொண்டேதான் இருந்தது. யார் கேட்டோம்? 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது ஆண்டுக்கு 1.8 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதற்கு ஐந்தாண்டுக்கு முன் அது 1.4 பில்லியன். அந்த மலையில் என் கூழாங்கல்லும் ஒன்று இருக்கிறது.

மகன் முதல் சுற்றில் தேறினான், இரண்டாவதில் தேறவில்லை. முடிவு வந்த அன்று அவன் கேட்ட ஒரே கேள்வி, இனிமேல் சனிக்கிழமை வகுப்புக்குப் போகவேண்டாம்தானே என்பதுதான். நான் குளியலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவனைப் பற்றி அல்ல.

எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைகள் வாசிக்கிறோம். அங்கே வரும் சிறுமி ஒருத்தி, என் மகனுக்கு ஒரே வயது, வேறு பள்ளி. வாயே திறக்கமாட்டாள். ஒருநாள் அவள் மறந்துவிட்டுப்போன தண்ணீர்ப் புட்டியைக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். சமையலறைக் கதவோரம் ஒரே ஆணியில் நான்கு ஆண்டு நாட்காட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. தேக்கா (லிட்டில் இந்தியா) மளிகைக் கடையில் கொடுப்பது, மேலே மகாலட்சுமி படம் போட்டது. ஏன் பழையதைக் கழற்றவில்லை என்று கேட்டேன். "சாமி படத்தை எப்படிக்கா குப்பையில் போடுவது?" என்றார் அவள் அம்மா. எங்கள் அம்மாவும் அப்படித்தான்.

அந்தச் சிறுமி அப்போதுதான் பேசினாள். "ஆன்ட்டி, பொங்கல் தேதி ஒருநாளுக்குமேல் மாறுவதே இல்லை. தீபாவளி மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது?" நான் நிலா, சூரியன் என்று ஏதோ இழுத்தேன். அவள் நான் சொல்வதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. நாற்காலியில் ஏறி நாட்காட்டிகளைப் புரட்டினாள். நோன்புப் பெருநாள் 2021இல் மே 13, அடுத்த ஆண்டு மே 3, அப்புறம் ஏப்ரல் 22, அப்புறம் ஏப்ரல் 10. அது பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது, திரும்பி வருவதில்லை. தீபாவளி அப்படி இல்லை: நவம்பர் 4, அக்டோபர் 24, பிறகு நவம்பர் 12, பிறகு அக்டோபர் 31. "இது கொஞ்சம் பின்னால் போகிறது, யாரோ பிடித்து முன்னால் தள்ளிவிடுகிறார்கள். யார் ஆன்ட்டி தள்ளுவது?"

ஒன்பது வயது. துணைப்பாடம் கிடையாது, அப்பா ஊரில் இருக்கிறார், அம்மா கடைத்தொகுதி ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கிறார். சந்திர மாதக் கணக்கில் அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்கிறார்கள் என்பதைச் சமையலறை ஆணியிலிருந்து முக்கால்வாசி கண்டுபிடித்துவிட்டாள். பேசியது முழுக்கத் தமிழில். அதே ஆண்டு ஆகஸ்டில் அவளும் ஜிஇபி முதல் சுற்று எழுதினாள், தேறவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைக்கு ஆங்கிலத் தாளின் நீளப் பத்தி என்ன செய்யும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவளுடைய பள்ளி அறிக்கையில் வகுப்பாசிரியர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: அமைதியான பிள்ளை, வகுப்பில் இன்னும் அதிகம் பங்கேற்கவேண்டும்.

அந்த வரிதான் என்னை இந்தப் பதிவுக்குக் கொண்டுவந்தது.

2024 ஆகஸ்ட் 18, தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங், ஜிஇபி இப்போதைய வடிவில் தொடராது என்று அறிவித்தார். ஒன்பது பள்ளிகளில் மட்டும் தனி வகுப்பு என்பது போய், ஒவ்வொரு தொடக்கப்பள்ளியிலும் திறன் மிகுந்த பிள்ளைகளுக்கு ஏற்பாடு இருக்கும். சில பாடப்பிரிவுகளை அருகிலுள்ள பள்ளியில், வகுப்பு நேரம் முடிந்தபின் படிக்கலாம். 2024இல் தொடக்கநிலை 1 சேர்ந்த பிள்ளைகளிலிருந்து இது தொடங்குகிறது. அவர்கள் 2027இல் தொடக்கநிலை 4 போவார்கள். இரண்டு சுற்றுத் தேர்வு ஒரே சுற்றாகிறது. பொதுத்திறன் தாள் கிடையாது. ஆசிரியர்கள் அன்றாடம் கவனிப்பதும் பிள்ளையின் வேலைகளும் கணக்கில் வரும். தொடக்கநிலை 3இல் விட்டுப்போனாலும் பிறகு சேரலாம். ஜிஇபியும் பள்ளிகளின் சொந்தத் திட்டங்களும் சேர்த்து 7 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கூடுதல் கவனம் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்குக் கிடைக்கும்.

நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஒன்பது வயதில் இரண்டு சுற்றில் ஒரு பிள்ளையின் தலையில் முத்திரை குத்தும் வேலை ஒழிந்தது. பெற்றோர் குழுக்களில் எல்லோரும் கைதட்டினார்கள், தேர்வின் பிடி தளர்ந்துவிட்டது, இனி ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று. நான் அங்கேதான் தயங்குகிறேன். ஆசிரியர் கண் தேர்வைவிட நியாயமானது என்று யார் சொன்னார்கள்?

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் பிரவர்ட் என்றொரு பெரிய கல்வி வட்டாரம் இருக்கிறது. அங்கே முன்பெல்லாம் ஆசிரியரோ பெற்றோரோ பெயர் கொடுத்த பிள்ளைகளுக்கு மட்டும் நுண்ணறிவுச் சோதனை வைப்பார்கள். 2005இல், பெயர் கொடுப்பதற்குக் காத்திராமல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் படங்களை வைத்து ஒரு முன்சோதனை நடத்தினார்கள். டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். திட்டத்தில் சேர்ந்த ஹிஸ்பானியப் பிள்ளைகள் இரு மடங்குக்கும் மேலானார்கள், கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 80 விழுக்காடு கூடினார்கள். அதற்காக யாருக்கும் தகுதி மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அதே வகுப்பில், அதே ஆசிரியரின் கண்ணெதிரே, அதே மூளையோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள், வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள், பெண்பிள்ளைகள், இவர்கள் பெயர்தான் பட்டியலில் ஏறாமலே போயிருக்கிறது. பின்னர் நிதி சுருங்கி அந்தச் சோதனையைக் கைவிட்டதும் நிலைமை பழையபடி ஆகிவிட்டது.

ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்தையும் முடிக்கவேண்டியவருக்குக் கையைத் தூக்குகிற பிள்ளைதான் கண்ணில் படும். நான் ஆசிரியராக இருந்தாலும் என் மகனைத்தான் கவனித்திருப்பேன். வாயாடி. ஆங்கிலத்தில் வாயாடி, அது இன்னும் வசதி.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. துணைப்பாட மையங்கள் இதற்குள் விழித்துக்கொள்ளாமல் இருக்குமா? முன்பு முக்கோணம் விற்றவர்கள் நாளைக்கு "ஆசிரியர் கவனிக்கும்படி கேள்வி கேட்பது எப்படி" என்று விற்பார்கள். எனக்குக் கோபம் வருவது அவர்கள் மேல் அல்ல, வாங்கப்போகிற என்னைப் போன்றவர்கள் மேல்.

எல்லாருக்கும் பொதுவான தேர்வை சிங்கப்பூர் ஒருநாளும் விட்டுவிடக்கூடாது என்பதே என் கட்சி. ஆசிரியர் பார்வை அதற்குமேல் ஒரு வாசலாகத் திறக்கட்டும். தேர்வில் தவறியவரை உள்ளே இழுக்கட்டும். அந்தப் பார்வை யாருடையது என்பதையும் கேட்கவேண்டும். ஆங்கில, கணித ஆசிரியர் மட்டும்தானா? தமிழாசிரியர் எங்கே? பல பள்ளிகளில் தமிழ் வகுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள்தான். அதே ஆசிரியர் அதே பிள்ளையை இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து பார்க்கிறார். வேறெங்கும் வாய் திறக்காத பிள்ளை அங்கே திறக்கிறது. மலாய் வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள். தாய்மொழி ஆசிரியரின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையின் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கக்கூடாது என்று ஒரு விதி போட்டால் என்ன குடிமுழுகிவிடும்? நான் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

அந்தச் சிறுமி இப்போது தொடக்கநிலை 5. போன மாதம் ஒரு தாளை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். தீபாவளியிலிருந்து அடுத்த சீனப் புத்தாண்டு வரை எத்தனை நாள் என்று எண்ணியிருக்கிறாள். 2021இல் தொடங்கி வரிசையாக 89, 90, 90, 90. கடைசியில் 120. "நான் தப்பாக எண்ணிவிட்டேனா ஆன்ட்டி?" இல்லை, 2025 அக்டோபர் 20 முதல் 2026 பிப்ரவரி 17 வரை சரியாக 120தான். இரண்டு நாள் தேடிப் படித்துவிட்டுச் சொன்னேன்: சீன நாட்காட்டி 2025இலேயே ஒரு மாதத்தைக் கூட்டிக்கொண்டது, நம்மவர்கள் சந்திரக் கணக்கில் 2026இல்தான் கூட்டுகிறார்கள்.

கொஞ்சநேரம் சும்மா இருந்தாள். "அப்படியென்றால் இந்தத் தீபாவளியிலிருந்து எண்ணினால் மறுபடியும் 90 வந்துவிடுமா?"

கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் 8. அடுத்த சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினேன். வருகிறது.