எட்டுப் பெயர்கள் கண்ட ஓர் அணி

2010-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் என்ற மூன்று வாரச் சைக்கிள் பந்தயம் முடிந்தபோது, புயீக் டெலிகாம் என்ற தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் ஓடிய பிரெஞ்சு அணியின் கையில் மூன்று பெருமைகள் இருந்தன. தோமா வோக்லேர் தேசிய சாம்பியனின் சட்டையோடு பிரனீஸ் மலைகளைத் தாண்டி வந்து ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்றிருந்தார். மறுநாளே பியெரிக் ஃபெத்ரிகோ இன்னொன்றை வென்றார். மலையேற்றத்தில் முதல்வருக்கான புள்ளிச் சட்டையை அந்தொனி ஷார்த்தோ பாரிஸ் வரை கொண்டு சேர்த்தார். ஒரு சிறிய அணி மூன்று வாரங்களில் இதைவிட அதிகமாகச் சாதிக்க முடியாது. ஆனால் அந்த ஆண்டு முடிவோடு ஸ்பான்சர் விலகியது; செப்டம்பர் இறுதிவரை அணி பிழைக்குமா என்பதே தெரியாத நிலை இருந்தது.

சைக்கிள் பந்தயத்தின் பொருளாதாரம் எவ்வளவு அநீதியானது என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த நிகழ்வுதான். கால்பந்துக் கழகத்துக்கு மைதானம் உண்டு, டிக்கெட் வருமானம் உண்டு, ஒளிபரப்பு உரிமையில் பங்கு உண்டு. சைக்கிள் அணிக்கு இவற்றில் எதுவும் இல்லை. பந்தயம் பொதுச் சாலையில் நடக்கிறது. பார்ப்பவர் எவரும் காசு கொடுப்பதில்லை. டூரின் ஒளிபரப்புப் பணமோ போட்டியை நடத்தும் அமோரி குழுமத்திடம் போகிறது. 1903-இல் ‘லோட்டோ’ என்ற நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய போட்டி இது. அதன் வாரிசான ‘லெக்கிப்’ நாளிதழும் இன்று அதே குழுமத்தின் சொத்து. அணிகளுக்குப் பரிசுப் பணம் கிடைக்கிறது என்று சிலர் வாதிடலாம். மூன்று வாரம் உயிரைக் கொடுத்து ஒட்டுமொத்தப் பட்டத்தை வெல்பவருக்கே 5 லட்சம் யூரோதான். மற்ற அணிகள் அதில் ஒரு மாதச் சம்பளத்தைக்கூடத் தேற்ற முடியாது.

ஆகவே அணிகள் தங்கள் பெயரை விற்றுத்தான் வாழ வேண்டியிருக்கிறது. ஆதியில் அந்தப் பெயரை வாங்கியவர்கள் சைக்கிள் தயாரிப்பாளர்கள். 1950-களில் ஸ்கூட்டரும் காரும் பெருகிச் சைக்கிள் விற்பனை சரிந்தபோது, இத்தாலியில் நிவியா முகப்பூச்சும் பிரான்சில் சேன் ரஃபாயேல் என்ற மதுபானமும் அந்த இடத்துக்கு வந்தன. டூர் நிர்வாகம் இதை விரும்பவில்லை. 1930 முதல் நடைமுறையில் இருந்த தேசிய அணிகள் முறையை 1961 வரை பிடித்து வைத்திருந்தது. 1962-இல் வணிக அணிகள் திரும்பி வந்தன. இடையில் 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளைத் தவிர, அன்று முதல் இந்த விளையாட்டு முழுக்க முழுக்க விளம்பரப் பணத்தில்தான் ஓடுகிறது.

நான் சொல்லும் அணியை உருவாக்கியவர் ழான்-ரெனே பெர்னோடோ. டூரை ஐந்து முறை வென்ற பெர்னார் இனோவோடு ஒரே அணியில் ஓடிய இவர், 1979 டூரில் ஐந்தாவதாக வந்து இளம் வீரருக்கான வெள்ளைச் சட்டையை வென்றவர். ஓய்வு பெற்ற பிறகு சொந்த மண்ணான வான்டேவுக்கு, பிரான்சின் மேற்குக் கரையோர மாவட்டத்துக்குத் திரும்பி, 1991-இல் ‘வான்டே யு’ என்ற இளையோர் அணியைக் கட்டினார். தொழில்முறை அணி 2000-இல்தான் வந்தது. முதல் ஸ்பான்சர் போன்ஷூர் என்ற இலவச விளம்பர இதழ். 2003-இல் வெண்ணெயும் முட்டையும் சேர்த்த பிரியோஷ் ரொட்டி செய்யும், அதே மாவட்டத்து லா பூலஞ்ஜேர் நிறுவனம் வந்தது. பிறகு புயீக் டெலிகாம். சட்டையில் அந்தப் பெயரே ஒருமுறை மாறியது. 2011-இல் கார் வாடகை நிறுவனமான யூரோப்கார், 2016-இல் மின்சாரம் விற்கும் டிரெக்ட் எனெர்ஜி. அந்த நிறுவனத்தை எண்ணெய் நிறுவனமான டோட்டல் வாங்கியதால் 2019-இல் டோட்டல் டிரெக்ட் எனெர்ஜி, 2021-இல் டோட்டல்எனர்ஜீஸ். இருபத்தோரு ஆண்டுகளில் எட்டுப் பெயர்கள், நிர்வாகி ஒருவரே.

2010-இன் அந்த இலையுதிர் காலத்துக்கு வருகிறேன். வோக்லேருக்கு வேறொரு பிரெஞ்சு அணி இடம் தரத் தயாராக இருந்தது. அல்சாசில் பிறந்து, மார்த்தினிக் தீவில் வளர்ந்து, இளைஞராக வான்டேவுக்கு வந்து பெர்னோடோவிடம் தொழில் கற்றவர் அவர். கடைசி நேரத்தில் அவர் இருந்துவிட முடிவு செய்தார், யூரோப்கார் கையெழுத்திட்டது. ஒரு வீரர் தன் அணியைக் காப்பாற்றினார் என்று பேச்சுக்காக இதைச் சொல்லவில்லை. மெக்கானிக்குகள், மசாஜ் செய்பவர்கள், பேருந்து ஓட்டுநர் எனப் பல குடும்பங்களின் வேலை அன்று அவரது ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஜூலையில் நடந்ததை என்னால் மறக்க முடியாது. 2004-இல் லா பூலஞ்ஜேர் சட்டைக்குப் பதிலாகப் பத்து நாள், ஒட்டுமொத்தத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை அணிந்த அதே வோக்லேர், 2011-இலும் பத்து நாள் அணிந்தார். பதினெட்டாம் கட்டம் கலிபியே கணவாயின் உச்சியில், 2,645 மீட்டர் உயரத்தில் முடிந்தது. டூர் அதுவரை அவ்வளவு உயரத்தில் முடிந்ததே இல்லை. சட்டையின் ஜிப் வயிறுவரை திறந்திருக்க, வாய் கோணியிருக்க, தோள்கள் இடமும் வலமும் ஆட அவர் ஏறிய அந்தக் கடைசி மீட்டர்களைத் தொலைக்காட்சிக்கு முன் எழுந்து நின்று பார்த்தேன். 15 நொடி வித்தியாசத்தில் மஞ்சள் சட்டை மிஞ்சியது. மறுநாள் அல்ப் துவேஸ் மலையில் அதை இழந்தார். ஆனால் அதே மலையில் அவருடைய சக வீரர் பியேர் ரோலான் வென்றார். 1986-இல் இனோ வென்ற பிறகு அங்கே வென்ற முதல் பிரெஞ்சுக்காரர் அவர். வோக்லேர் பாரிசில் நான்காவதாக முடித்தார். அதே டூரில் அதே அணியின் குவாதலூப் வீரர் யோஹான் ழேன், டூரில் ஓடிய முதல் கறுப்பின வீரராகப் பதிவானார்.

இத்தனைக்குப் பிறகும் யூரோப்கார் நிலைக்கவில்லை. நிதி நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் 2014 இறுதியில் முதல்நிலை உரிமம் பறிபோனது; மறு ஆண்டோடு ஸ்பான்சரும் போனது. எண்ணெய் நிறுவனத்தின் பணத்தில் சைக்கிள் ஓடுவது முறையா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் அந்தக் கேள்வியைப் பெர்னோடோவிடம் கேட்பதற்கு முன் போட்டி நடத்துபவர்களிடம் கேட்க வேண்டும். ஒளிபரப்பு வருமானத்தில் ஓடுபவர்களுக்கு ஒரு நிலையான பங்கு இருந்தால், யாருடைய பணம் வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது ஓர் அணிக்கு இருக்கும். குறைந்தபட்சம், அணி பிறந்த ஊரின் பெயரை ஸ்பான்சர் பெயருக்கு முன் நிரந்தரமாக எழுத விதி செய்யலாம். அதற்கு யாருக்கும் ஒரு காசும் செலவாகாது.

2024 ஜூலையில், துருவா நகரைச் சுற்றிய வெண்மண் சாலைகளில் முகம் முழுவதும் புழுதியோடு அந்தொனி துர்ஜிஸ் ஒன்பதாம் கட்டத்தை வென்றார். இந்த அணிக்கு டூரில் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. பதிவேடுகளில் அது டோட்டல்எனர்ஜீஸ் வெற்றி, 2017-இல் லிலியான் கல்மெழான் வென்றது டிரெக்ட் எனெர்ஜி வெற்றி, ரோலானுடையது யூரோப்கார் வெற்றி. என் குறிப்பேட்டில் இவை மூன்றையும் ‘வான்டே’ என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் எழுதி வைத்திருக்கிறேன்.