எர்லி டிசிஷன் போடலாமான்னு யோசிக்கிற அமெரிக்கத் தமிழ் பெற்றோருக்கு

அக்டோபர் வந்தாச்சு, பன்னெண்டாவது படிக்கிற புள்ளைங்க இருக்குற நம்ம வீடுகள்ல இப்ப எர்லி டிசிஷன் (ஒரே ஒரு காலேஜுக்கு முன்கூட்டியே போட்டு, சீட் கெடைச்சா அங்கயேதான் சேருவோம்னு கட்டுப்படுறது) பேச்சுதான். என் கருத்தை நேராவே சொல்லிடறேன், அந்த காலேஜ் கேக்குற முழுத் தொகையையும் கட்ட முடியும்னு கணக்கு பாத்துட்டா தாராளமா போடுங்க, இல்லன்னா தயவுசெஞ்சு போடாதீங்க.

"மொதல்ல சீட் கெடைக்கட்டும், காசை அப்புறம் பாத்துக்கலாம்"னு நிறைய பேர் சொல்றாங்க. இதுல அப்புறம்னு ஒண்ணு கெடையவே கெடையாதுங்க. பெரும்பாலும் நவம்பர் 1க்குள்ள புள்ள, பெத்தவங்க, ஸ்கூல் கவுன்சிலர் மூணு தரப்பும் கையெழுத்து போடணும், டிசம்பர் நடுவுல சீட் வந்துச்சுன்னா மத்த அப்ளிகேஷன் எல்லாத்தையும் வாபஸ் வாங்கணும், அப்புறம் மார்ச் கடைசில நாலு காலேஜ் லெட்டரை பக்கத்துல பக்கத்துல வெச்சு யாரு எவ்ளோ எய்ட் (படிப்புச் செலவுக்கான உதவித்தொகை) குடுக்குறான்னு பாக்குற வாய்ப்பே போச்சு. சில பெரிய பிரைவேட் காலேஜ்ல தங்குறது சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 90,000 டாலரைத் தாண்டிடுச்சு, நாலு வருஷத்துக்கு பெருக்கிப் பாருங்க.

எய்ட் பத்தலன்னா வெளிய வரலாம்னு விதி இருக்கு, உண்மைதான். ஆனா பத்தலன்னு நீங்க அவங்களுக்குப் புரிய வைக்கணும், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஐடில இருக்குற வீட்டைப் பாத்து அவங்க ஃபார்முலா உங்களால முடியும்னுதான் சொல்லும்.

ஹெச்-4ல (ஹெச்-1பி வேலை விசால இருக்குறவங்க குடும்பத்துக்குக் குடுக்குற விசா) இருக்குற புள்ளைங்க விஷயம்தான் எனக்கு ரொம்ப வருத்தம். ரெண்டு வயசுல வந்து இங்கயே வளந்த புள்ளையா இருந்தாலும் அரசாங்க எய்ட் கெடையாது, நிறைய பிரைவேட் காலேஜ் அவங்கள இன்டர்நேஷனல் கணக்குலதான் வெப்பாங்க, அதுலயும் பல இடத்துல எய்ட் கேட்டாலே சீட் கெடைக்கிற வாய்ப்பு குறையுது. கிரீன் கார்டு வரிசைல நிக்கிற குடும்பம் இதைக் காலேஜ்கிட்ட எழுதிக் கேட்டு தெரிஞ்சுக்காம கையெழுத்து போடவே கூடாது.

எர்லில அட்மிஷன் சதவீதம் ஜாஸ்தின்னு காட்டுவாங்க, அதுக்குள்ள கோச் ஏற்கனவே எடுத்து வெச்ச விளையாட்டுப் புள்ளைங்களும் இருக்காங்க, அந்த நம்பர் அப்படியே உங்க புள்ளைக்குப் பொருந்தாது.

கட்டுப்படாமலே சீக்கிரம் போட எர்லி ஆக்‌ஷன்னு ஒரு வழி இருக்கே. எம்ஐடி எர்லி ஆக்‌ஷன்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட்ல எர்லி போட்டா மத்த பிரைவேட் காலேஜுக்கு எர்லி போடக் கூடாதுன்னுதான் கட்டுப்பாடு, சேருறதா வேண்டாமான்னு மே 1 வரைக்கும் யோசிக்கலாம். ரட்கர்ஸ் மாதிரி ஸ்டேட் யுனிவர்சிட்டிலயும் எர்லி ஆக்‌ஷன் இருக்கு.

காலேஜ் வெப்சைட்லயே நெட் பிரைஸ் கால்குலேட்டர் (எய்ட் போக நீங்க எவ்ளோ கட்ட வேண்டி வரும்னு தோராயமா காட்டுறது) இருக்கும், 2011ல இருந்து சட்டப்படி வெச்சே ஆகணும். இந்த வாரமே போட்டுப் பாருங்க (ஹெச்-4 வீடுகளுக்கு அது சரியா வராது), வர்ற நம்பரை புள்ளைகிட்டயும் காட்டுங்க, அவங்களும்தானே கையெழுத்து போடப் போறாங்க.