சின்ன விஷயமாம், சின்ன விஷயம்!

“வீடுன்னு இருந்தா நாலு ரிப்பேர் இருக்கத்தான் செய்யும். இதுக்கெல்லாம் போய் இப்படிக் கத்தலாமா?” என்னிடம் இதைச் சொல்லாத ஆளே பாக்கியில்லை. கணவர் சொல்லியாயிற்று, மாமியார் சொல்லியாயிற்று, எதிர் பிளாட் அக்கா போன வாரம் மாடிப்படியில் நிற்கவைத்துச் சொல்லியாயிற்று. அதனால் இன்றைக்குக் கொட்டித் தீர்க்கப் போகிறேன். தத்துவம் பேசுகிறவர்கள் இப்போதே நடையைக் கட்டலாம்.

ஷவரில் பாதி ஓட்டை அடைத்துக்கொண்டது. மீதி ஓட்டைகளில் ஒன்று கண்ணைக் குறிபார்த்து அடிக்கிறது, இன்னொன்று கதவுக்கு அபிஷேகம் செய்கிறது, தலையில் மட்டும் ஒரு சொட்டு விழுவதில்லை. சமையலறைக் குழாயின் நுனியில் இருக்கும் குட்டிச் சல்லடை அடைத்து, தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சி என் வயிற்றை நனைக்கிறது. ஃப்ளஷ் டேங்க் சரியாக மூடாமல் ராத்திரி முழுக்க ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஹீட்டரைப் போட்டால் உள்ளே யாரோ பல்லைக் கடிப்பது மாதிரி சத்தம். துவைத்துக் காயப்போட்ட துண்டு விறைத்துக்கொண்டு தனியாக நிற்கிறது. எவர்சில்வர் டம்ளரை எத்தனை தேய்த்துக் கவிழ்த்தாலும் மறுநாள் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. துவரம்பருப்பு விசில் மேல் விசில் வைத்தாலும் அரைகுறையாகவே வெந்து, சாம்பாரில் பருப்பு வேறு தண்ணீர் வேறாக நிற்கிறது. “பருப்பு சரியில்ல, கடையை மாத்து” என்கிறார் மாமியார். கடையையும் மாற்றியாயிற்று. இந்த வீட்டில் எந்தக் கடைப் பருப்பும் வேகாது.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி பில். ஆனால் வியாதி ஒன்றுதான்: போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை ஓரமாக வீடு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு இன்னும் குடிநீர்க் குழாய் வரவில்லை. கொஞ்சம் லாரித் தண்ணீர், கொஞ்சம் போர் தண்ணீர், இரண்டும் கீழே சம்ப்பில் கலந்து, மோட்டார் வழியாக மேலே டேங்குக்கு ஏறி, அங்கிருந்து எங்கள் தலைக்கு இறங்கும். லாரி வராத நாளில் முழுக்க முழுக்க போர். குடிக்கவும் காபி போடவும் 20 லிட்டர் கேன் தனி. தென்சென்னைக்குக் கடல்நீரைக் குடிநீராக்கித் தர நெம்மேலியில் 2013இல் ஓர் ஆலை திறந்தார்கள், ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். பக்கத்திலேயே 2024இல் இன்னொன்று, அது 15 கோடி லிட்டர். கடல் தண்ணீரே நன்னீராகிவிட்டது. என் வீட்டுக் குழாய்த் தண்ணீர்தான் கடலாகிக்கொண்டு வருகிறது.

‘உப்புத் தண்ணி’ என்று ஒரே போடாகப் போடுகிறோமே, அதில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. வாயில் வைத்தால் கரிப்பது ஒன்று. கரிக்காமலேயே கழுத்தறுப்பது இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் கடின நீர் என்று படித்தோமே, அது. கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும் தண்ணீர். அதைச் சூடாக்கினால் கரைந்திருந்த கால்சியம், கார்பனேட்டாக மாறி அடியில் படியும். அதாவது சுண்ணாம்புக்கல். ஹீட்டர் என்று நினைத்து நாம் சுவரில் மாட்டி வைத்திருப்பது ஒரு குட்டிச் சுண்ணாம்புக் காளவாய். உள்ளே சூடாகும் காயிலை, அதாவது கம்பிச்சுருளைச் சுற்றிச் சுண்ணாம்பு கவசம் கட்டிவிட்டால், சூடு தண்ணீருக்குப் போவதற்குள் கரண்ட் பில் எகிறும். கடைசியில் காயிலே கருகும். மெக்கானிக் கழற்றித் தட்டியபோது உள்ளேயிருந்து வந்த கட்டிகளை வைத்து வெற்றிலைக்கே தடவலாம் போலிருந்தது.

சோப்பு கதையும் இதே. சோப்பு கால்சியத்தோடு சேர்ந்தால் நுரைக்காது, கரையாத பிசுக்காகத் திரியும். பக்கெட்டின் உள்பக்கம் நகத்தால் சுரண்டினால் வருமே சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பு, அதில் பெரும்பங்கு நாம் காசு கொடுத்து வாங்கிய சோப்புதான். பருப்பிலும் அதேதான்: பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்கிற பசையைக் கால்சியம் இறுக்கிவிடும், லேசில் வேகவிடாது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் வெந்துவிடுகிறது. அப்புறம் “சாம்பார்ல ஏதோ வாடை வருதே” என்று மேசையிலிருந்து குரல் வரும். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

முடி கொட்டுவதையும் இந்தத் தண்ணீர் கணக்கில் எழுத எனக்கு ஆசைதான். எங்கள் மாடியில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வயசு, கவலை, பரம்பரை என்று அதற்கு வேறு பங்காளிகளும் இருப்பதால் விட்டுவிடுகிறேன். ஆனால் தலை குளித்த பிறகு சீப்பு இறங்காமல் தேங்காய் நார் மாதிரி சிக்குப் பிடிக்கிறதே, அந்தப் பழியை நான் வேறு யார் மேலும் போடத் தயாரில்லை.

பிலம்பர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில், வருவதே இல்லை. “நாளைக்குக் காலைல வந்துடறேன் மேடம்” என்பார். எந்த மாதத்து நாளைக்கு என்று சொல்ல மாட்டார். வந்தால் குழாயைத் திருகிப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டி, “யார் மேடம் இதை மாட்டுனது?” என்பார். நீங்கள்தான் அண்ணே! பழைய திருகுக் குழாய் என்றால் சில ரூபாய் வாஷர் ஒன்றோடு வேலை முடிந்தது. இப்போது வருவதெல்லாம் கால் சுற்றில் மூடும் குழாய். உள்ளே இருப்பது வழவழப்பான இரண்டு செராமிக் வில்லைகள். நடுவில் மணல் துகளோ சுண்ணாம்புத் துகளோ மாட்டினால் கீறல் விழும், சொட்டும். வில்லை மட்டும் தனியாகக் கிடைக்காது, அது உட்கார்ந்திருக்கும் ஸ்பிண்டில் என்கிற உள்பாகத்தையே முழுசாக மாற்ற வேண்டும். ஒரு கம்பெனி ஸ்பிண்டில் இன்னொரு கம்பெனிக் குழாயில் உட்காராது. “இந்த மாடல் இப்ப வரதில்ல, புதுசாவே மாட்டிடலாம்” என்று கடைக்காரரும் பிலம்பரும் ஒரே சுருதியில் பாடுவார்கள். புதுசும் இதே தண்ணீரில்தானே நிற்கப்போகிறது?

அடுத்து இலவச ஆலோசனைக் கூட்டம். “ஆசிட் ஊத்தும்மா, பளிச்சுனு ஆயிடும்.” ஆகும். கறையோடு சேர்ந்து குழாயின் பளபளப்பும் உரியும், டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டும் அரித்துப் போகும். அதே குளியலறையில் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும். அதை யாரும் சொல்வதில்லை. வினிகரோ சிட்ரிக் ஆசிட் பொடியோ போதும். ஷவர் தலையைக் கழற்றி அதில் ராத்திரி ஊறவைத்தால் காலையில் சுண்ணாம்பு தானாக விட்டுவிடும். நான் செய்கிறேன். செய்து மாட்டுகிறேன். கொஞ்ச நாளில் மறுபடி கண்ணைக் குத்துகிறது. எலுமிச்சைத் தோலையும் வீணாக்காமல் குழாயில்தான் தேய்க்கிறேன். ஊறுகாய்க்கு வாங்கிய பழம் குழாய்க்குப் போகிற வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இந்த வயிற்றெரிச்சலில் எண்ணெய் ஊற்றவென்றே வருவார்கள் தண்ணீர் வடிகட்டி விற்கிற பையன்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெட்டி. இரண்டு கிளாஸில் தண்ணீர் பிடித்துவரச் சொல்வார்கள், ஒன்று குழாய்த் தண்ணீர், இன்னொன்று அவர்கள் கொண்டுவந்த தண்ணீர். ஒரு கருவியின் கம்பிகளை இரண்டிலும் முக்கிக் கரண்ட் கொடுத்தால், நம் கிளாஸ் காபிக் கலரில் கலங்கிச் சேறாகும். அவர்களுடையது சும்மா நிற்கும். “பாத்தீங்களா மேடம், இதுலதான் உங்க குழந்தை குளிக்குது!” மாமியார் வாயில் கைவைத்துக்கொள்வார்.

அடப்பாவிகளா. அந்தச் சேறு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை, கம்பியிலிருந்து வந்தது. தாது உப்பு இருக்கிற தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துத் துருவாகக் கரையும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் பாய்வது மிகக் குறைவு, அதனால் கம்பியும் கரையாது. அவ்வளவுதான் வித்தை. அந்தப் பையனிடம் உள்ளே இருந்து ஓர் இளநீரைக் கொண்டுவந்து, “இதுல வைப்பா உன் டிடிஎஸ் மீட்டரை” என்றேன், கரைந்த உப்பை எண்ணாகக் காட்டுமே, அந்தக் கருவியை. வைக்க மாட்டேன் என்றான். வைத்தால் தெரியுமே, இளநீரும் பெரிய எண்ணாகத்தான் காட்டும் என்று. வெயிலில் அலைகிற பிள்ளை, அவனைக் கோபித்து என்ன பயன்? இளநீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். கோபமெல்லாம் அவனுக்கு அந்தக் கம்பியைக் கொடுத்து அனுப்பியவர்கள் மேல்.

குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்கிறது. கடினத்தன்மைக்கு அதே மாதிரி 200, 600. எங்கள் போரின் சோதனை அறிக்கையைக் குடியிருப்போர் சங்கத்தில் கேட்டேன். அப்படி ஒன்று எடுக்கப்பட்டதாகவே யாருக்கும் நினைவில்லை. குடியேறிய காலத்திலிருந்து யாரும் தண்ணீரைப் பரிசோதிக்கவில்லை, ஆனால் லிஃப்டில் மாட்டியிருக்கும் கண்ணாடியின் அளவு சரியா என்று இரண்டு கூட்டம் நடந்திருக்கிறது.

பில்டரின் விளம்பரப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வழவழ தாள். நீச்சல் குளம், ஜிம், நடைபாதை, ‘24 மணிநேரமும் தண்ணீர்’. வருகிறது, மறுக்கவில்லை. என்ன தண்ணீர் என்றுதான் அந்த வழவழ தாளில் எழுத இடமில்லாமல் போயிற்று. குளியலறைக்கு என்ன கம்பெனிக் குழாய் என்று பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார்கள், அதற்குள் ஓடப்போவது என்ன என்று ஒரு வரி கிடையாது. வீடு விற்கிறவர் நிலப் பத்திரம் காட்ட வேண்டும், வரைபட அனுமதி காட்ட வேண்டும். போர் தண்ணீர் அறிக்கையை மட்டும் ஏன் காட்ட வேண்டாம்?

இது எங்கள் ஒரு கட்டடத்தின் தலைவிதி மட்டும் இல்லை. கடலோர ஊரில் மேலே இருக்கும் நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச, கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும் உவர்நீர் ஏறும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் நிலத்துக்குள் மைல் கணக்கில் புகுந்த கதை பழசு. சென்னைப் பகுதியில் நிலத்தடி நீரை எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987இலேயே சட்டம் வந்தது. 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. ஊரெல்லாம் குழி தோண்டினார்கள், அதன் பின் கிணறுகளில் தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் வளாகத்திலும் குழி இருக்கிறது. அனுமதி வாங்க வேண்டுமே, தோண்டியிருக்கிறார்கள். அதன் மூடி மேல் சங்கச் செயலாளரின் கார் நிற்கிறது. உள்ளே கூழாங்கல்லுக்குப் பதில் சேறும் சிப்ஸ் பாக்கெட்டும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை யாரோ புண்ணியவான் நேராகத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். ஐப்பசியில் கொட்டுகிற மழை முழுக்கத் தெருவில் ஓடி, முழங்கால் வரை நின்று, அப்புறம் கடலுக்குப் போகும். கார்த்திகை தாண்டினால் நாங்கள் லாரிக்குப் போன் போடுவோம்.

கட்டடம் முழுமைக்கும் பொதுவாகத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி ஒன்று வைக்கலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். அதிலும் தொல்லை உண்டு, மறைக்கவில்லை. அதற்கு அவ்வப்போது மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும், கழிவாக வரும் உப்புநீரை எங்கே விடுவது என்று யோசிக்க வேண்டும், கரிப்பும் போகாது. ஆனால் காயில் கருகாது, சோப்பு நுரைக்கும், ஷவர் நேராகப் பெய்யும். கருவி வேண்டாமென்றால் குறைந்தபட்சம் அந்தக் குழியையாவது மழைக்கு முன்னால் தூர்வாருங்கள், காரை நகர்த்துங்கள், மாடிக் குழாயைக் குழிக்குத் திருப்புங்கள் என்றேன்.

“என் பிளாட்ல இந்தப் பிரச்சினை இல்லையே மேடம்” என்றார் ஒரு சார். இல்லாமல் எப்படி இருக்கும், ஒரே டேங்க்! அவர் வீட்டு ஹீட்டர் மெக்கானிக்கும் என் வீட்டு மெக்கானிக்கும் ஒரே ஆள், அவரே வண்டவாளத்தைச் சொல்லிவிட்டார். இன்னொருவர், “வாடகைக்கு விட்டிருக்கேன், நான் எதுக்குக் குடுக்கணும்?” மூன்றாமவர், மாடிக்கு மாடி பங்கு எப்படிப் பிரிப்பது, சதுர அடிக் கணக்கா தலைக் கணக்கா என்று ஆரம்பித்தார். அதோடு அது செத்தது. காயில், ஸ்பிண்டில், வாஷிங் மெஷின் பொடி, கேன், வடிகட்டி மெம்பரேன் என்று தனித்தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் அழுவார்கள். சேர்ந்து செய்ய ஒரு ரூபாய் பொதுவில் வைக்கச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் கணக்குப் பாடம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

இப்போது வாட்ஸ்அப் குழுவில் சூடாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதம், வெளிச்சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்று. ஒருவர் கிரீம் என்கிறார், ஒருவர் சாம்பல். வெள்ளையே அடியுங்கள், உப்புப் பூத்தாலும் தெரியாது என்று எழுதிவிட்டு வந்திருக்கிறேன். இதுவரை கட்டைவிரல் தூக்கியவர் பிலம்பர் ஒருவர்தான். அவரையும் குழுவில் சேர்த்திருக்கிறார்கள்.