நம்ம இளைஞர் மன்றத்த யாரும் விக்கல, அந்த மெசேஜ நிறுத்துங்க

ரெண்டு நாளா குரூப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது. "ஓக்கி புயலுக்கு காசு பிரிக்கன்னே ஆரம்பிச்ச கிளப், இப்ப இடத்த வித்துட்டு மூடியாச்சு"ன்னு. ரெண்டுமே பொய் மக்கா.

அந்த ஃபார்வர்டுல இருக்க போட்டோல வராந்தால அரிசிச்சாக்குல புஸ்தகம் கட்டி வச்சிருக்குல்லா, அது ஓடு மாத்துற வேலைக்காக லைப்ரரிய ஒதுக்குனது, மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு பயலுவ ராத்திரியும் நின்னு பாக்குறானுவ, அதப் போய் இப்படி எழுதுறது ரொம்ப வேதனையா இருக்கு.

ஓக்கி வந்தது 2017 நவம்பர் 30. ஆனா மன்றத்தோட மினிட் புக்ல அதுக்கு முன்னாடியே 2004 சுனாமிக்கு துணியும் அரிசியும் சேத்த கணக்கே இருக்கு. ஓணத்துக்கு வடம் இழுக்குற போட்டியும் ரத்த தானமும் சாயங்கால டியூஷனும் எத்தனையோ வருஷமா நடக்கு.

இது 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிஞ்ச சங்கம், இடமும் சங்கத்து பேர்லதான். சந்தேகம்னா பதிவுத்துறை வெப்சைட்ல சர்வே நம்பர் போட்டு வில்லங்கம் (இடம் கைமாறிச்சான்னு காட்டுற பதிவு) பாருங்க, காசு கிடையாது. நம்பர் நோட்டீஸ் போர்டுல இருக்கு. வருஷக் கணக்கு மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல கொடுக்கணும், அங்கயும் கேக்கலாம்.

தயவுசெஞ்சு இனி ஃபார்வர்டு பண்ணாதீங்க, அனுப்புன குரூப்ல இதையும் போடுங்க.