கூத்துக்காரனைக் கூத்துக்காரனாகவே கூப்பிடுங்கள்

அமெரிக்காவிலுள்ள ஒரு சங்கம் தன் விழாவில் கூத்தாட அழைத்த நம்ம ஜமா (கூத்துக் குழு) ஆட்கள் ஏழு பேருக்கும் விசா கிடைக்காத கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். நாலு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று, அழைத்த சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், "கூத்துக்காரங்களுக்கு ஆபீசர்கிட்ட பேசத் தெரியல, அதான் போச்சு" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

பேசத் தெரியாதா? ராத்திரி பத்து மணிக்குத் திரைக்குப் பின்னால் பாட ஆரம்பித்து, விடியும்வரை துரியோதனனாக நின்று பேசுகிற மனுஷன் அவர்களில் ஒருவர். சென்னையில் நேர்காணலைத் தமிழிலேயே கொடுக்கலாம், தமிழில்தான் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் போனது பேச்சு இல்லை. சங்கத்துக்காரர்களே, நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்லத்தான் தெரியவில்லை.

"டூரிஸ்ட் விசா போடுங்க. ஊர் சுத்திப் பார்க்கப் போறோம்னு சொல்லுங்க. கூத்துன்னு வாயே திறக்காதீங்க." இதுதானே நீங்கள் சொன்னது? முகவீணைக்காரர், பின்பாட்டுக்காரர், கட்டியங்காரன் என ஏழு பேரும் ஒரே வரியை ஒப்பித்தால் எந்த அதிகாரி நம்புவார்? போனவன் திரும்ப மாட்டான் என்று வைத்துக்கொண்டுதான் அமெரிக்க விசாச் சட்டமே தொடங்குகிறது. 214(பி) பிரிவு அதுதான். அப்படியில்லை என்று நிரூபிப்பது விண்ணப்பிக்கிறவர் பொறுப்பு. திரும்பி வருவதற்கு இவர்களிடம் இருந்த ஒரே பலமான காரணம் கூத்து. பங்குனியிலிருந்து ஆடிவரை அட்வான்ஸ் வாங்கிய ஊர்கள், பாரதம் வைக்கிற திரௌபதி அம்மன் கோயில்கள். அதைத்தான் சொல்லாதே என்றீர்கள்.

இதற்கென்றே ஒரு விசா இருக்கிறது. பி-3. தங்கள் பண்பாட்டுக்கே உரிய கலையை நிகழ்த்தவோ கற்றுக்கொடுக்கவோ வருகிறவர்களுக்கானது. பட்டம் கேட்பதில்லை, ஆங்கிலம் கேட்பதில்லை, உலகப் புகழும் கேட்பதில்லை. இந்தக் கலை அசலானது என்று துறை அறிந்தவர்களின் கடிதம், நிகழ்ச்சி விவரம், அங்குள்ள தொழிற்சங்கம் ஒன்றின் கருத்துக் கடிதம் வேண்டும். அதற்கான ஐ-129 என்ற மனுவை அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் போட வேண்டியது அங்கே அழைக்கிறவர். கலைஞன் அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: போட வேண்டியது நீங்கள்.

செலவு அதிகம் என்பார்கள். 2024 ஏப்ரலில் உயர்த்திய கட்டணப்படி லாபநோக்கமற்ற அமைப்புக்கு மனுக் கட்டணம் 510 டாலர். ஒரே மனுவில் 25 பேர்வரை சேர்க்கலாம். அப்புறம் ஆளுக்கு விசாக் கட்டணம் 205 டாலர், சுற்றுலாவுக்கு 185. மறுத்தால் இரண்டுமே திரும்பி வராது. வக்கீல் வைத்தால் கூடுதலாகும், ஒப்புக்கொள்கிறேன். சம்பளமே தரவில்லை, செலவு மட்டும்தான், அதனால் சுற்றுலா போதும் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். சம்பளமில்லாமல் அப்படி ஆட ஒரு விலக்கு உண்டுதான், ஆனால் தொழில்முறைக் கலைஞருக்கு அது மிகக் குறுகலானது. அனுப்பும் நாடே நடத்தும் கலாச்சார நிகழ்ச்சியாக இருக்க வேண்டும், டிக்கெட் இருக்கக் கூடாது, செலவு முழுவதும் அரசுடையதாக இருக்க வேண்டும். உங்கள் விழாவுக்கு டிக்கெட் விற்றது எனக்குத் தெரியும்.

இந்த விவரமெல்லாம் மறுத்த பிறகுதான் தேடிப் படித்தேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஏழு பேரில் ஒருவர் என் பெரியப்பா. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டி.எஸ். 160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தைத் தட்டியது நான்தான். தொழில் என்ன என்ற இடம் வந்ததும், "இன்னா கண்ணு போடப் போற?" என்றார். விவசாயம் என்று போடச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அரை ஏக்கர் மானாவாரி இருக்கிறது, அந்த வரையில் பொய்யில்லை. ஆனால் பதினாலு வயதில் சலங்கை கட்டியவர், முப்பது வருஷமாகக் கட்டை வேஷம், அதாவது மரக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டுகிற ராஜ வேஷம் போடுகிறவர். பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போடு" என்றார். அந்த "சரி" இன்னும் என் காதில் இருக்கிறது.

பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று தட்டியதும் நான்தான். விசாவுக்காக முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னதாக முடிவு செய்தால் வாழ்நாள் முழுக்க நுழையவே தடை வரலாம். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அங்கேயே பல வருஷம் இருக்கிறீர்கள்.

எல்லாரும் இப்படித்தானே போகிறார்கள் என்று கேட்காதீர்கள். சபாக்களில் பாடுகிறவர்களையும் ஆடுகிறவர்களையும் அழைக்கும்போது முறையாக மனு போட்டு, கடிதம் வாங்கி, தேதி பார்த்துச் செய்கிறீர்கள். அவர்களை ஊர் சுற்ற வருகிறேன் என்று சொல்லச் சொல்வீர்களா? கூத்து என்றால் மட்டும் ஏன் இந்தக் குறுக்குவழி? "முன்னாடி போன ஒருத்தன் ஓடிப்போயிட்டான், அதனாலதான் சந்தேகப்படறாங்க" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். தம்பி, எந்தத் தொழிலில் ஓடவில்லை? படிக்கப் போனவன் தங்கிவிட்டால் அவனை ஓடிப்போனவன் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் பெரியப்பா ஊரில் பாரதத் திருவிழாவின் பதினெட்டாம் நாள், துரியோதனன் விழுகிற படுகளத்தில் துரியோதனனாக நிற்க வேண்டும். அவர் எங்கே ஓடப் போகிறார்?

கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று வைகாசியில் ரெண்டு ராத்திரி கூத்தை விட்டுவிட்டு வாலாஜா ரோட்டில் ரயில் ஏறினார்கள். அந்த ரெண்டு நாள் வருமானத்தைப் பற்றி உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

விழாவுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. கூடுதலாகக் கட்டினால் 15 வேலை நாளில் மனுவுக்குப் பதில் வரும். நாட்டுப்புறவியல் பேராசிரியர்களிடம் கடிதம் வாங்கித் தருவது என் பொறுப்பு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை, பழைய நோட்டீஸ், போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். நடந்ததை மறைக்காமல் ஒரு வக்கீலிடம் சொல்லிவிட்டு மனுவைப் போடுங்கள்.

இன்று திமிரிப் பக்கம் கூத்து. பெரியப்பா காலையில் அரிதாரத்தைக் கழுவிவிட்டு நேராக இங்கேதான் வருவார். சங்கத்திலிருந்து ஏதாவது சொன்னார்களா என்று கேட்பார். அதற்குள் பதில் போடுங்கள்.